மேட்டிலிருந்து இறக்கிய ரோஜாச் செடிகள்

நர்சரிக்கு வேலைக்குப் புதிதாக வந்த உங்களில் பல பேருக்கு ரோஜா மொட்டை வெட்ட இன்னும் கை வராது. அது எனக்குத் தெரியும். போன வாரம் பலாபத்வலைப் பக்கம் வந்தபோது நான் வேலை செய்த பழைய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நர்சரிக்குள் நுழைந்தேன். பின்பக்கத்தில் ஒரு தங்கச்சி, புதிதாக இடம் மாற்றிய ரோஜாச் செடிக்கு முன்னால் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தார். செடியில் நாளைக்கோ மறுநாளோ விரியப்போகிற மொட்டு. கத்தரியை அதனிடம் கொண்டுபோவார், திரும்ப எடுப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். முழங்கால் வலி ஒரு பக்கம், பேசத் தெம்பில்லாதது ஒரு பக்கம். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி வெட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் சூப்பர்வைசர் காட்டிக்கொடுப்பார். ஏன் வெட்டுகிறோம் என்பதும் பெரிய விஷயமில்லை. தோண்டி எடுக்கும்போது மெல்லிய வேரெல்லாம் அறுந்து மண்ணோடு போய்விடுகிறது. மிச்சமிருக்கிற வேர் குடிக்கிற கொஞ்சத் தண்ணீரையும் மொட்டு இழுத்துக்கொள்ளும். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் பூத்துவிட்டுச் சாகும். இதைப் படிக்க அரை நாள் போதும். ஒரு மனுஷரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்யத்தான் எனக்கு வருடக்கணக்கில் ஆனது. அதிலும் நான் முழுதாகத் தேறினேன் என்று சொல்லமாட்டேன்.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு அந்தப் பெருமழை பெய்தது. மாத்தளையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மண் சரிந்து கிடந்தது. என் கூடப்பிறந்த தங்கச்சி குடும்பம் இருந்த லயத்து வீட்டுக்குள் சேறு புகுந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் என் வீட்டு ஹோலில்தான் பாய் விரித்துப் படுத்தார்கள். காலையில் அவர்களைத் தாண்டி வேலைக்குப் போவேன். வேலையிலோ எல்லாருக்கும் உடைந்த தோட்டம், புதைந்த செடி. வீடுகளுக்குப் போய்ச் செய்கிற வெளிவேலை முழுவதும் அப்போது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில்கூடக் கண்ணைத் திறந்துவைத்திருக்கப் பாடுபட்ட காலம் அது.

அப்படி ஒரு காலையில், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஹனீபா வந்தார். இரத்தோட்டைக்கு மேலே மிளகும் கராம்பும் வைத்திருந்தவர். நல்ல உயரம், பேச்சில் நிதானம். அன்று அந்த நிதானம் இல்லை. அவருடைய வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அலுவிகாரையில் ஒரு வாடகை வீடு பார்த்துக் குடிமாறியிருந்தார்கள். மாறிய கையோடு அவருடைய மனைவி ராஹிலாவுக்குப் பாரிசவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"சாமானெல்லாம் ஏத்திட்டோம் தங்கச்சி," என்றார். "அவட ரோஜா மட்டும் மேல நிக்குது. எல்லாம் அவ தடி வெட்டி வெச்சு வளத்தது. அவ வாறப்போ அது புது வீட்டு வாசல்ல நிக்கணும். பூவோட நிக்கணும்."

பூவோடு என்று சொன்னபோதே நான் பேசியிருக்கலாம். ஆனால் மேலே ஏறுவதைப் பற்றித்தான் எனக்கு அப்போது யோசனை. கிராம சேவகரிடம் அனுமதி கேட்டோம். மழையில்லாத நாளில், காலையில் போய் மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார். லொறியில் நானும் சுனிலும் போனோம். சுனில் என்னோடு பல வருடம் வேலை செய்தவன். தேவைக்கு மேல் பேசமாட்டான். நானாவும் வந்தார்.

வீட்டுக் குசினியில் அடுப்படித் தரையில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கதவு நிலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் முன்வாசலில் ரோஜாக்கள் எதுவும் நடக்காதது போல் நின்றன. மழைக்குப் பிறகு வெயில் கண்ட சந்தோஷத்தில் கொப்புக்குக் கொப்பு மொட்டு. நானா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வேரைச் சுற்றி அகலமாக மண்ணோடு எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போயிருந்தேன். முதல் சில செடிகளை அப்படித்தான் எடுத்தோம். சாக்கைச் சுற்றிக் கட்டி லொறிக்குக் கொண்டுபோனோம். வானம் நன்றாகத்தான் இருந்தது. அப்போது சுனில் மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டான்.

பின்பக்கத்து மண்திட்டிலிருந்து ஒரு ஊற்று வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்தபோது அது தெளிந்த தண்ணீர். அதில்தான் கை கழுவினேன். இப்போது பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது.

"அக்கா, இது நல்லதில்ல. உள்ள மண் கரையுது," என்றான் சுனில்.

இந்த மாதிரி நேரத்தில் யாரும் உங்களுக்கு முடிவு எடுத்துத் தரமாட்டார்கள். முதலாளியம்மாவுக்குப் போன் செய்ய அங்கே சிக்னலும் இல்லை. நான் முன்பக்கம் வந்து, எது சுலபமாக வருகிறதோ அதை மட்டும் இழுத்து எடுங்கள், மண் வராவிட்டாலும் பரவாயில்லை, இறங்குவோம் என்றேன். வேர் அறுகிற சத்தம் கேட்கக் கேட்கப் பிடுங்கினோம். அப்படிப் பிடுங்கியது எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

கிணற்றடியில் ஒரு பெரிய செடி இருந்தது; அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன். நானா அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்துக்கொண்டு அதனடியில் குத்தத் தொடங்கினார்.

"நானா, அத விட்டுடுங்க. போவோம்."

"இது அவட மூத்த செடி தங்கச்சி. கலியாணம் முடிச்சு வந்த வருஷம் வெச்சது. இத விட்டுட்டு நான் எப்படி அவட மூஞ்சில முழிப்பேன்?"

"ராஹிலா ராத்தா கண்ண முழிச்சு செடியத்தான் கேப்பாங்களா, உங்களக் கேப்பாங்களா?"

அவர் குத்துவதை நிறுத்தினார். நான் அலவாங்கின் மறுமுனையைப் பிடித்து மெதுவாக வாங்கிக்கொண்டேன். அவர் லொறியில் ஏறினார். பாதை வளைவில் திரும்பும்போது நான் பின்னால் பார்க்கவில்லை. அவர் பார்த்தார்.

அன்றைக்கு மலை சரிந்து இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அந்த வாசலை மண் கொண்டுபோனது அடுத்த மழைக்குத்தான். ஆக, நாங்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றிருந்தால் அந்த மூத்த செடியையும் எடுத்திருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். சொன்னார்களும். நீங்கள் பயந்து எடுக்கிற முடிவு சரி என்று காட்ட மலை அன்றைக்கே விழவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது விழாமலிருந்தால் கோழை என்ற பெயரோடு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். உயிரோடு படுக்கிறீர்களே, அது போதும்.

அன்று பின்னேரமே அலுவிகாரை வீட்டு வாசலில் குழி வெட்டிச் செடிகளை நட்டுவிட்டோம். மேலே நிழல் வலை கட்டினோம். மொட்டு வெட்ட மறுநாள் காலையில் சுனிலோடு போனேன். கத்தரியை எடுத்ததும் நானா எனக்கும் செடிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"என்ன செய்யப் போறீங்க?"

சொன்னேன். வேர் குறைவு, மொட்டையும் கொப்பையும் குறைத்தால்தான் தாங்கும் என்றேன்.

"நேத்து என்ன நடந்திச்சு? ஒண்ணும் நடக்கல்ல. நீங்க பயந்துதான் மூத்த செடிய விட்டுட்டு வந்தோம். இப்ப இருக்குற மொட்டையும் வெட்டணுமா? ஆஸ்பத்திரியில இந்த வாரம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க. அவ வந்து இந்தக் குச்சியையா பாக்குறது?"

அவர் சத்தம் போடுகிற மனுஷரில்லை. அன்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசினார். நான் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தேன். "அவங்க கேக்குறதச் செஞ்சிட்டு வாங்க ஜெசிந்தா, இன்னும் எத்தன இடத்துக்குப் போகணும்," என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வாதாட எனக்குத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. சுனில் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, செடிகளின் நுனி ஏற்கெனவே தொங்கத் தொடங்கியிருந்தது. அந்த நுனிகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் சொல்கிறபடி விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரம் இந்த வாசல் அழகாக இருக்கும். பிறகு அந்த அம்மா தன் செடிகள் ஒவ்வொன்றாகக் காய்வதை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதை நினைத்த பிறகுதான் எழும்பினேன்.

"ஒண்ண மட்டும் விடுறேன் நானா. எதுன்னு நீங்க சொல்லுங்க. மத்ததெல்லாம் வெட்டணும். இல்லன்னா நான் செடியெல்லாம் திரும்ப லொறியில ஏத்திட்டு நர்சரிக்குக் கொண்டுபோயிடுவேன்."

அவர் செடிகளுக்கு நடுவே நடந்தார். கடைசியில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடும்சிவப்பு ரோஜாவைக் காட்டினார். அதில்தான் நல்ல மொட்டுகள் இருந்தன. அதற்குத்தான் வேரும் குறைவு. கடைசியாகப் பிடுங்கிய செடிகளில் ஒன்று.

"அது பிழைக்காமப் போகலாம் நானா."

"அல்லாஹ் பாத்துக்குவான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மற்றவற்றை நான் வெட்டினேன். எல்லாவற்றையும், பச்சை மொட்டு உட்பட. ஒரு பேசின் நிறைந்தது. போகும்போது பார்த்தேன், நானா அந்தப் பேசினில் தண்ணீர் ஊற்றி, மொட்டுகளை மிதக்கவிட்டு, ஹோல் மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் செடிகள் எப்படியிருக்கின்றன என்று பார்க்கப் போனேன். வாசற்படி முழுவதும் செருப்பு. ராஹிலா ராத்தா வந்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது. ஹோலில் கால் வைக்க இடமில்லை. மாத்தளையிலிருந்தும் இரத்தோட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள். மேசையில் கேக்கும் சோடாவும். மகள் ஃபஸ்லியா குசினிக்கும் ஹோலுக்கும் தேத்தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தாள். நடுவில், சக்கர நாற்காலியில் தலையணை அண்டக்கொடுத்து ராத்தாவை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். நல்ல சாரி, முக்காடு ஒழுங்காகக் குத்தியிருந்தது. முகத்தின் வலது பக்கம் இறங்கியிருந்தது.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் குனிந்தார்கள். "என்னத் தெரியுதா? என் பேரென்ன, சொல்லுங்க பாப்போம்?" ராத்தா வாயைக் கோணிக்கோணி, ஒவ்வொரு பேராகச் சொன்னார். சரியாகச் சொன்னால் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்று சந்தோஷப்பட்டார்கள். பிறகு அடுத்தவர் வந்தார். நானா நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். புது வீட்டில் தனியாகக் கிடந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஆட்களைக் கூட்டியிருந்தார் போல எனக்குத் தோன்றியது.

என்னைக் கண்டதும் அவருக்குக் கோபமெல்லாம் மறந்துவிட்டது. "வாங்க தங்கச்சி, வாங்க. அந்தச் செடி பூத்திருக்கு, பாத்தீங்களா? இப்பதான் அவளுக்குக் காட்டப் போறேன்."

நாற்காலியை வாசலுக்கு, கேட்டடிவரை தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பாதிப் பேர் வந்தார்கள். கேட்டடியில் கடும்சிவப்புப் பூ விரிந்திருந்தது. உள்ளங்கை அகலம். அதற்குக் கீழே இலையெல்லாம் ஈரத்துணி போல் தொங்கியது. ஆட்கள் பூவைப் பார்த்தார்கள்.

ராத்தா பூவை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெட்டப்பட்ட மற்றச் செடிகளை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பவும் கேட்டடிச் செடிக்கு வந்தபோது இடது கையை உயர்த்தி, இரண்டு விரலைத் திறந்து மூடினார்.

"பூ வேணுமா? பறிச்சுத் தாறேன்," என்று நானா அதைப் பறித்துக் கையில் கொடுத்தார். ராத்தா அதை மடியில் போட்டுவிட்டு, செடியில் மிச்சமிருந்த மொட்டுகளைக் காட்டி மறுபடி விரலைத் திறந்து மூடினார். நானாவுக்கு விளங்கவில்லை. நான் கத்தரியை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

வெட்டப் போனபோது ராத்தா என் முழங்கையைப் பிடித்தார். தானே வெட்ட வேண்டுமாம். கத்தரியை அவருடைய இடது கையில் வைத்தேன். அது இறுக்கமான கத்தரி; அவருக்குப் பலம் போதவில்லை. அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். ஒவ்வொரு மொட்டாக இருவரும் வெட்டினோம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. ஃபஸ்லியா கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏன் ராஹிலா? ஒனக்காகத்தானே வெச்சேன்," என்றார் நானா.

ராத்தா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மறுபடி முயன்றார்.

"ஏலாது," என்றார் செடியைக் காட்டி. "அதுக்கு… ஏலாது."

மூச்சு வாங்கியது. பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"எனக்கும்… ஏலாது."

சொல்லிவிட்டு ஹோல் பக்கம் கண்ணைத் திருப்பினார். அங்கே இன்னும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

நானா நாற்காலியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் மேட்டில், அலவாங்கை வாங்கியபோது பார்த்திருக்கிறேன். அவர் ராத்தாவை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து ஹோலின் நடுவில் நின்றார்.

"எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. அவ படுக்கட்டும்."

அவர் தாத்தா என்று கூப்பிடுகிற சொந்த அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நோயாளியப் பாக்க வந்தது குத்தமா தம்பி?"

"குத்தமில்ல தாத்தா. நான்தான் வாங்க வாங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டேன். கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேணாம். நானும் அவளும் மட்டும் இருக்குறோம்."

செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சில பேர் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் கொப்புகளைப் பொறுக்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினேன்.

அந்தக் கடும்சிவப்புச் செடி பிழைக்கவில்லை. நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கி அடிவரை போய்விட்டது. முதல் நாளே வெட்டியிருந்தால் நின்றிருக்குமா என்றால், எனக்குத் தெரியாது. வேர் அவ்வளவு மோசம். முழுதாக வெட்டிய செடிகளிலும் சில போயின. இந்த வேலையில் எல்லாம் சரியாகச் செய்தும் சாகிற செடி இருக்கிறது. வாங்கினவரிடம் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கத்தரியோடு போகத்தான் வேண்டும். அதற்குப் பழகுவீர்கள் என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. நான் பழகவில்லை. களைத்துத்தான் போனேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பூ வேண்டும் என்று உங்கள் முன்னால் மறித்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் வேரைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். அவர் வேரைப் பற்றிப் பேசவில்லை. யாருக்காக அந்தப் பூ என்று கேளுங்கள். அன்று அதைக் கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியும், அந்தப் பூ ராத்தாவைவிட நானாவுக்குத்தான் தேவைப்பட்டது என்று முழுதாக விளங்கியது ராத்தா பேசிய பிறகுதான்.

சில மாதம் கழித்து, வேலையை விட்ட புதிதில், அலுவிகாரைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கையில் ஒரு கேக்கோடு அந்த வீட்டுக்கு நடந்தேன். கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். நானா இடுப்பில் கட்டிய சாரத்தோடு, சத்தம் வராமல் நடந்து வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆனால் சாவியை எடுக்கவில்லை.

"தங்கச்சி, கோவிக்க வேணாம்," என்றார் தாழ்ந்த குரலில். "இப்பதான் கண்ண மூடினா. இன்னொரு நாளைக்கு வாங்களேன்."

"எப்படி இருக்காங்க நானா?"

"அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் கொஞ்சமா நடக்குறா. சுவரப் புடிச்சிக்கிட்டு."

அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். செடிகளில் செம்பு நிறத்தில் புதுத் துளிர். ஒரு பூவும் இல்லை. கேக்கைக் கேட்டுக்கு மேலால் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்த மாதிரியே அடிமேல் அடி வைத்து உள்ளே போனார்.

நல்ல வெயில். பஸ் நிற்கிற இடத்துக்கு ஏற்றமாக நடக்க வேண்டும், முழங்காலோ சொல்பேச்சுக் கேட்பதில்லை. ஆனாலும் எந்த வீட்டுக் கேட்டிலிருந்தும் அவ்வளவு சந்தோஷமாக நான் திரும்பி நடந்ததில்லை.